செவ்வாயில் காத்திருக்கும் விண்வெளி உடை: திருவானைக்காவலில் பிறந்த சர் சி.வி.ராமனுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

செவ்வாய் கிரகத்தில் இதுவரை எந்த மனிதரும் கால் வைத்ததில்லை. ஆனால், மனிதர் போட்டுக்கொள்ளும் விண்வெளி உடையின் துண்டுகள் 2021 பிப்ரவரி 18 அன்றே அங்கே போய் இறங்கிவிட்டன. நாசாவின் பெர்சவரன்ஸ் ஊர்தியில் ஹெல்மெட் கண்ணாடிக்கான பாலிகார்பனேட், கையுறைக்கான துணி, டெஃப்லான் என ஐந்து சின்னச் சின்ன மாதிரிகள் ஒட்டப்பட்டிருக்கின்றன. செவ்வாயின் கதிர்வீச்சிலும் தூசியிலும் அந்தப் பொருட்கள் எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதுதான் கேள்வி. நாளைக்கு அங்கே போகும் வீரரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அந்தத் துண்டுகளை அவ்வப்போது பரிசோதிக்கும் கருவியின் பெயர் ஷெர்லாக். அது வேலை செய்யும் முறைக்குப் பெயர் ராமன் நிறமாலையியல். அந்த ராமன், திருச்சி திருவானைக்காவலில் பிறந்தவர்.

சர் சி.வி.ராமன் ராக்கெட் விட்டவர் அல்ல. விண்வெளி நிறுவனம் எதிலும் வேலை பார்த்தவரும் அல்ல. அப்படின்னா, மனிதரின் விண்வெளிப் பயணத்தில் அவர் பெயர் எப்படி வந்து சேர்ந்தது?

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே

ஸ்ரீரங்கம் இருக்கும் அதே தீவில்தான் திருவானைக்காவலும் இருக்கிறது. ஒரு பக்கம் காவிரி, மறு பக்கம் கொள்ளிடம். பஞ்சபூதத் தலங்களில் நீருக்கான தலம் இது. ஜம்புகேஸ்வரர் கருவறையில் எப்போதும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். அந்த ஊரில் 1888 நவம்பர் 7 அன்று சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் பிறந்தவர் வேங்கடராமன்.

அப்பா ஆசிரியர். 1892-ல் அவருக்கு விசாகப்பட்டினத்தில் கல்லூரி விரிவுரையாளர் வேலை கிடைத்ததும் குடும்பம் அங்கே போய்விட்டது. வீட்டில் பணத்தைவிடப் புத்தகங்கள் அதிகம். ராமன் 11 வயதில் மெட்ரிகுலேஷன் முடித்தார். பிறகு சென்னை மாநிலக் கல்லூரி. 1904-ல் பி.ஏ., 1907-ல் எம்.ஏ. ஒளி பற்றிய அவருடைய முதல் ஆய்வுக் கட்டுரை 1906-ல் லண்டன் இதழ் ஒன்றில் வெளியானபோது அவருக்கு 18 வயதுதான்.

இவ்வளவு திறமை இருந்தும் இந்தியாவில் அன்றைக்கு விஞ்ஞானி என்ற வேலையே கிட்டத்தட்ட கிடையாது. அதனால் அரசு நிதித் துறைத் தேர்வு எழுதினார். 1907-ல் லோகசுந்தரியுடன் திருமணம். அதே ஆண்டு கல்கத்தாவில் உதவி கணக்கு அதிகாரியாக வேலை.

காலை கணக்கு, மாலை ஆய்வு

கல்கத்தாவில் பவ்பஜார் தெருவில் இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் என்ற பெயர்ப் பலகை ராமன் கண்ணில் பட்டது. 1876-ல் மகேந்திரலால் சர்க்கார் தொடங்கிய அந்த இடத்தில் கருவிகள் இருந்தன, ஆய்வு செய்யத்தான் ஆள் இல்லை. ராமன் நுழைந்தார். அலுவலகத்துக்குப் போகும் முன்பும், திரும்பி வந்த பின்பும் அங்கேதான் இருப்பார். வீணை, மிருதங்கம் போன்ற இசைக் கருவிகளின் இயற்பியலை ஆராய்ந்தார். பத்து வருஷம் இப்படியே ஓடியது.

1917-ல் கல்கத்தா பல்கலைக்கழகம் பாலித் பேராசிரியர் பதவிக்கு அழைத்தது. சிக்கல் என்னவென்றால், சம்பளம் ஏறத்தாழ பாதி. நிரந்தரமான, மரியாதையான, மேலே போகக்கூடிய அரசு வேலையை விட வேண்டும். இன்றைக்குப் பெரிய ஐ.டி. கம்பெனி வேலையை விட்டுவிட்டு சின்ன ஸ்டார்ட்அப்புக்குப் போகிறேன் என்றால் வீட்டில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ராமன் வேலையை விட்டார்.

கடல் ஏன் நீலம்?

1921-ல் பல்கலைக்கழக மாநாட்டுக்காக ராமன் இங்கிலாந்து போனார். திரும்பும் வழியில் மத்தியதரைக் கடலின் ஆழ்ந்த நீலம் அவரை நிறுத்தியது. வானத்தின் நீலம்தான் கடலில் பிரதிபலிக்கிறது என்று ராலே பிரபு சொல்லியிருந்தார். ராமன் கையில் நிக்கல் பட்டகம் என்ற சிறிய ஒளியியல் கருவி இருந்தது. அதன் வழியே பார்த்தால் நீர்ப்பரப்பின் பிரதிபலிப்பை வடிகட்டிவிடலாம். வடிகட்டிப் பார்த்தார். கடல் இன்னும் நீலமாகத்தான் இருந்தது.

நீர் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்ற முடிவுக்கு வந்தார். நீர் சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொள்வதும் கடல் நீலத்துக்கு முக்கியக் காரணம் என்று இன்றைக்குத் தெரியும். ஆனால், அது வெறும் வானத்தின் பிரதிபலிப்பு அல்ல என்று ராமன் காட்டியது சரிதான்.

இதே கேள்வியை விண்வெளி வீரர்களின் பக்கத்திலிருந்தும் பார்க்கலாம். 1961 ஏப்ரல் 12 அன்று யூரி ககாரின் பூமியைச் சுற்றியபோது கருப்பு வானத்தையும், பூமியின் விளிம்பில் மெல்லிய நீல வளையத்தையும் பார்த்தார். 1969 ஜூலையில் ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் நிலவில் நின்றபோது பட்டப்பகலிலும் வானம் கருப்பு. ஒளியைச் சிதறடிக்க அங்கே காற்று இல்லை. ஆர்ம்ஸ்ட்ராங் நிலவில் நடந்தபோது ராமனுக்கு 80 வயது.

1928 பிப்ரவரி 28

கடல் கேள்வியைப் பிடித்துக்கொண்டு ராமனும் மாணவர்களும் ஏழு வருஷம் உழைத்தார்கள். 1923-ல் மாணவர் கே.ஆர்.ராமநாதன் நீரில் சிதறிய ஒளியில், எதிர்பார்க்காத மங்கலான வேறு நிறம் இருப்பதைக் கவனித்தார். நீரில் அழுக்கு இருக்கலாம் என்று முதலில் நினைத்தார்கள். திரும்பத் திரும்பச் சுத்தப்படுத்தியும் அது போகவில்லை.

1928-ல் விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பைச் சேர்ந்த கே.எஸ்.கிருஷ்ணன் பல்வேறு திரவங்களை ஒவ்வொன்றாகச் சோதித்தார். பிப்ரவரி 28 அன்று பாதரச விளக்கின் ஒளியைத் திரவத்தில் செலுத்திப் பார்த்தபோது, மூல ஒளியில் இல்லாத புதிய கோடுகள் தெளிவாகத் தெரிந்தன.

எளிமையாகச் சொன்னால், ஒளி ஒரு மூலக்கூறில் பட்டுத் தெறிக்கும்போது பெரும்பாலும் அதே நிறத்தில் வெளியே வரும். ஏறத்தாழ ஒரு கோடியில் ஒரு ஒளித்துகள் மட்டும் அந்த மூலக்கூறின் அதிர்வுக்குக் கொஞ்சம் ஆற்றலைக் கொடுத்துவிட்டு, அல்லது அதனிடமிருந்து வாங்கிக்கொண்டு, நிறம் மாறி வரும். இந்த மாற்றம் ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், நம் கைரேகை மாதிரி. நிற மாற்றத்தை அளந்தால் பொருள் எது என்று சொல்லிவிடலாம்.

மாஸ்கோவில் லாண்ட்ஸ்பெர்க், மாண்டல்ஷ்டாம் இருவரும் படிகங்களில் இதே விளைவை ஏறக்குறைய அதே நேரத்தில் கண்டார்கள். ஆனால், 1930-ன் நோபல் பரிசு ராமனுக்கு மட்டும் போனது. அறிவியலில் நோபல் வாங்கிய முதல் ஆசியர் அவர். கிருஷ்ணனுக்குப் பங்கு கிடைத்திருக்க வேண்டுமா என்ற விவாதம் இன்றும் ஓயவில்லை.

ராமனிடம் இருந்து தும்பாவுக்கு

1933-ல் ராமன் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் முதல் இந்திய இயக்குநரானார். நிர்வாகத்தோடு மோதல் வந்தது. 1937-ல் அந்தப் பதவியை விட்டுவிட்டுப் பேராசிரியராக மட்டும் தொடர்ந்தார்.

அவரிடம் பிடிவாதமும் இருந்தது, தவறான பார்வையும் இருந்தது. 1933-ல் கமலா பாக்வத் என்ற மாணவியைப் பெண் என்ற காரணத்துக்காகவே சேர்க்க மறுத்தார். கமலா விடவில்லை. நிபந்தனைகளோடு இடம் வாங்கி, ஒரு வருஷத்தில் தன் வேலையால் ராமனின் மனதை மாற்றினார். அதன் பிறகு மற்ற பெண்களுக்கும் கதவு திறந்தது.

அப்படி 1940-ல் ராமனின் ஆய்வகத்துக்கு வந்தவர் அன்னா மாணி. வைரம், மாணிக்கம் ஆகியவற்றின் ஒளிர்வு பற்றி ஐந்து கட்டுரைகள் எழுதினார். எம்.எஸ்சி. பட்டம் இல்லை என்ற காரணத்தால் அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. பின்னாளில் நாட்டின் முன்னணி வானிலைக் கருவி நிபுணர் ஆனார்.

அதே காலத்தில், உலகப் போர் காரணமாகக் கேம்பிரிட்ஜிலிருந்து திரும்பிய ஓர் இளைஞரும் பெங்களூருவில் ராமனின் வழிகாட்டுதலில் காஸ்மிக் கதிர் ஆய்வைத் தொடங்கினார். அவருடைய முதல் கட்டுரை 1942-ல், ராமன் நிறுவிய இந்திய அறிவியல் அகாடமியின் இதழில் வந்தது. அந்த இளைஞர் விக்ரம் சாராபாய்.

இப்போது இந்த மூன்று பேரையும் சேர்த்துப் பாருங்கள். 1947-ல் சாராபாய் அகமதாபாத்தில் இயற்பியல் ஆய்வகத்தைத் தொடங்கினார். அதன் முதல் இயக்குநர், நீரில் மங்கல் ஒளியைப் பார்த்த அதே ராமநாதன். பிறகு திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைத்தபோது, அங்கே வானிலை ஆய்வு நிலையத்தை அமைத்துக் கொடுத்தவர் அன்னா மாணி.

தும்பாவில் வேலை பார்த்த இளம் பொறியாளர்களில் ஒருவர் திருச்சி தூய வளனார் கல்லூரியில் 1954-ல் இயற்பியல் முடித்தவர். அவர்தான் ஆ.ப.ஜெ.அப்துல் கலாம்.

1963 நவம்பர் 21 மாலை தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. அது மேலே கக்கிய சோடியம் ஆவி சூரிய ஒளியைச் சிதறடித்து, அந்தி வானத்தில் ஆரஞ்சு மேகமாகத் தெரிந்தது. இந்தியாவின் விண்வெளிப் பயணம் ஒரு ஒளிச்சிதறலோடுதான் ஆரம்பித்தது.

சின்னக் கருவியா, பெரிய திட்டமா?

இங்கே ஒரு முரண் இருக்கிறது. அரசுப் பணத்தில் பெரிய பெரிய ஆய்வகங்கள் கட்டுவதை ராமன் கடுமையாக விமர்சித்தவர். கட்டடம் கட்டினால் அறிவியல் வந்துவிடாது என்பது அவர் கட்சி. 1948-ல் தொடங்கிய தன் ராமன் ஆய்வு நிறுவனத்தை நன்கொடைகளிலேயே நடத்தினார். 1954-ல் பாரத ரத்னா கொடுத்த அரசிடமே நிறுவனத்துக்குப் பணம் கேட்க அவர் விரும்பவில்லை.

ஆனால், ராக்கெட்டை யாரும் நன்கொடையில் விட முடியாது. அவருடைய மாணவர் அரசை நம்ப வைத்துத்தான் விண்வெளித் திட்டத்தை வளர்த்தார். 1969 ஆகஸ்ட் 15 அன்று இஸ்ரோ பிறந்தது. குருவின் வழியிலேயே சிஷ்யர் போயிருந்தால் இஸ்ரோ இருந்திருக்காது. அதே நேரத்தில், எளிய கருவியும் கூர்மையான கேள்வியும் போதும் என்ற குருவின் பிடிவாதம் இல்லையென்றால் 1928-ம் இருந்திருக்காது.

கடைசிவரை ராமன் பெங்களூருவில் வைரங்கள், தாதுக்கள், பூக்களின் நிறம் என்று ஆராய்ந்துகொண்டே இருந்தார். 1970 அக்டோபர் 2 அன்றுகூட காந்தி நினைவுச் சொற்பொழிவு ஆற்றினார். 1970 நவம்பர் 21 அன்று, 82 வயதில் காலமானார். தும்பாவில் முதல் ராக்கெட் கிளம்பி அன்றோடு சரியாக ஏழு வருஷம். அவரது நிறுவனத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அங்கே சமாதி எழுப்பவில்லை, ஒரு மரம்தான் நட்டார்கள்.

நிலவுக் கல் முதல் செவ்வாய் வரை

ராமன் விளைவு ரொம்ப மங்கலானது. அதனால் பல காலம் அதை அளப்பதே பெரும்பாடு. 1960-ல் லேசர் வந்ததும் நிலைமை மாறியது. 1970-களின் தொடக்கத்தில், அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த நிலவுக் கற்களும் கண்ணாடித் துகள்களும் ராமன் முறையில் ஆராயப்பட்டன. மொத்தம் ஆறு பயணங்களில் வீரர்கள் கொண்டுவந்தது 382 கிலோ.

விண்வெளிக்கு இந்த முறை ஏன் பொருத்தம்? பொருளைத் தொட வேண்டாம், உடைக்க வேண்டாம், ரசாயனம் ஊற்ற வேண்டாம். ஒளியைப் பாய்ச்சினால் போதும். பெர்சவரன்ஸின் தலைப்பகுதியில் இருக்கும் சூப்பர்கேம் கருவி, 7 மீட்டர் தூரத்தில் உள்ள பாறையிலும் பச்சை லேசர் அடித்து ராமன் ஆய்வு செய்யும். கைப்பகுதியில் இருக்கும் ஷெர்லாக் புற ஊதா லேசரால் கரிமப் பொருட்களைத் தேடும். 2024-ல் சிறுத்தைப் புள்ளிகள் போன்ற அடையாளங்களோடு கிடைத்த செயாவா ஃபால்ஸ் என்ற பாறையில் கரிமச் சேர்மங்கள் இருப்பதைக் காட்டியது ஷெர்லாக்தான். அது பழங்கால நுண்ணுயிரியின் தடயமாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். இன்னும் முடிவு தெரியவில்லை.

மனிதரை அனுப்பும் பந்தயத்தில் இந்தியாவும் இருக்கிறது. 1984-ல் ராகேஷ் சர்மா சோவியத் விண்கலத்தில் போனார். 41 வருஷம் கழித்து, 2025 ஜூனில் சுபான்ஷு சுக்லா சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போய் ஜூலை 15 அன்று திரும்பினார். சொந்த ராக்கெட்டில் இந்திய வீரர்களை சுமார் 400 கி.மீ. உயரத்துக்கு அனுப்புவதுதான் ககன்யான் திட்டம்.

செவ்வாய்க்கு மனிதர் போவதற்கு இன்னும் பல வருஷம் ஆகலாம். போகிறவர் இப்போது ஏதோ ஒரு பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருக்கலாம். அவர் போடப்போகும் கையுறையின் துணி எத்தனை நாள் தாங்கும், ஹெல்மெட் கண்ணாடி எப்போது விரிசல் விடும் என்று இப்போதே கணக்கெடுக்கும் வேலை அங்கே ஆரம்பித்துவிட்டது. அந்தக் கணக்கை எடுப்பது, கடல் ஏன் நீலம் என்று கப்பலில் நின்று கேட்டவர் கண்டுபிடித்த அதே ஒளிதான்.