கசப்பை விளைத்த சாமித்துரை

ஜேம்ஸ் டெய்லரைத் தேயிலையின் தந்தை என்றே மாணவர்க்குச் சொல்லி வருகிறோம். அவர் கசப்பும் விளைத்தவர். 1835இல் ஸ்காட்லாந்தில் பிறந்து, 1852இல், மீசை அரும்பும் பருவத்தே, கண்டி மலைநாட்டு லூல்கந்துரத் தோட்டத்துக்கு வந்தார். 1867இல் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டு, பங்களாத் தாழ்வாரத்திலேயே கொழுந்தைக் கையால் உருட்டச் செய்தார்.

நுவரெலியாவை அடுத்த ஹக்கலையில் 1861இல் அரசினர் சிங்கோனா பயிரிட்டனர். டெய்லரும் அம்மரத்தை வளர்த்தார். காய்ச்சலுக்குரிய கொயினா அதன் பட்டையிற் கிடைப்பது. நாவில் வைக்கவொண்ணாக் கசப்பு. ஆங்கிலேயர் சர்க்கரையும் சோடாவும் ஜின்னும் கூட்டி அதனைப் பருகினர். பிரெஞ்சுக்காரரோ பட்டையை மூலிகைகளுடன் திராட்சை மதுவில் ஊறவைத்தனர். இன்றும் மதுக்கலவை வல்லார் எலுமிச்சை, வாசனைப் பட்டை, வேறு மூலிகைகள் என மாற்றி மாற்றிச் சேர்க்கின்றனர். மருந்து விருந்தாயிற்று! (நான் சுக்குக் கஷாயத்தோடு நின்றுவிடுபவன்.)

காப்பி நோயால் அழிந்தபோது சிங்கோனா தோட்டங்களைத் தாங்கியது. பட்டை மலிந்து விலை வீழவே, தேயிலை நிலைத்தது. இருபயிர்த் தொண்டுக்கும் 1891இல் தோட்டக்காரர் சங்கம் வெள்ளித் தேநீர்க் கலங்கள் வழங்கியது. மறு ஆண்டே உரிமையாளர் அவரை விலகச் சொல்லினர். அவர் தோட்டத்தை விட்டுப் போகவில்லை. அவ்வாண்டு மே மாதம் வயிற்றுக்கடுப்பால் அங்கேயே இறந்தார்.

சாமித்துரை என்றழைத்த தொழிலாளர் இருபத்து நால்வர், பன்னிருவராய் முறைமாற்றி, அவர் உடலைக் கண்டி மகாய்யாவை இடுகாடு வரை சுமந்தனர். அவர்தம் பெயர்களையே நான் தேடிவருகிறேன்.