ஐடா ஸ்கட்டர் அம்மையார்

ஜவ்வாது மலைத்தொடரில் காவலூர் என்பது ஒரு சிற்றூர். வானியலறிஞர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய வானாய்வு நிலையம் அவ்வூரில் அமைந்துள்ளது. அங்குள்ள பெரிய தொலைநோக்கியின் வழியே எண்ணிறந்த விண்மீன்களைக் காண்போர் உள்ளத்தில், இத்துணைப் பெரிய அண்டத்தில் மனிதன் எம்மாத்திரம் என்னும் வினா எழுதல் இயல்பே. கிறித்தவர்களின் மறைநூலாகிய விவிலியத்திலுள்ள பழம்பாடல் ஒன்றும் இவ்வினாவை எழுப்புகின்றது. விண்ணை நோக்க மனிதன் மிகச் சிறியவனே. ஆயினும் இறைவன் அவனை நினைந்து பெருமை அளித்துள்ளான் என்பதே அப்பாடல் கூறும் விடையாகும். ஆணும் பெண்ணும் கடவுளின் சாயலாகவே படைக்கப்பட்டனர் என அந்நூலின் தொடக்கம் மொழிகின்றது. ஆகவே, ஒருவரின் மதிப்பு அவர்தம் குலத்தாலோ செல்வத்தாலோ உடல் வனப்பாலோ அமைவதன்று என்பது கிறித்தவர் கொள்கை. இக்கொள்கையை நாள்தோறும் தம் செயலால் விளக்கியவர் ஒருவர், அம்மலைத்தொடருக்கு வடக்கே சமவெளியிலுள்ள வேலூரில் வாழ்ந்தார். அவரே ஐடா ஸ்கட்டர் அம்மையார்.

அம்மையார் 1870 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 9 ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் ஜான் ஸ்கட்டர், 1819 இல் அமெரிக்காவினின்று இலங்கைக்கு வந்து, பின்னர்ச் சென்னையிலும் மருத்துவத் தொண்டு புரிந்தவர். தந்தையாரும் மருத்துவரே. ஐடா சிறுமியாக இருந்தபோது தாது வருடப் பஞ்சம் தென்னாட்டை வாட்டியது. உணவை எடுத்து உண்ணவும் வலியற்றுக் கிடந்த குழந்தைகளுக்கு அச்சிறுமி தம் கையால் ரொட்டியை ஊட்டினார். அக்கொடிய காட்சி அவர் நெஞ்சைவிட்டு அகலவில்லை. பின்னர் அமெரிக்காவிற் கல்வி கற்றபோது, துன்பம் மலிந்த இந்நாட்டில் வாழ அவர் விரும்பவில்லை. அன்னையார் நோயுற்றார் என்ற செய்தி கேட்டு 1890 இல் திண்டிவனத்திற்கு வந்தபோதும், விரைவில் திரும்பிவிட வேண்டும் என்பதே அவரது எண்ணமாக இருந்தது.

ஓர் இரவு அவ்வெண்ணத்தை மாற்றியது. அந்தண இளைஞர் ஒருவர் வந்து கதவைத் தட்டினார். அவருடைய இளம் மனைவி மகப்பேற்றில் உயிருக்குப் போராடிக்கொண்டிருந்தார். தாம் மருத்துவம் கற்றவரல்லர் என்றும், தந்தையாரை உடன் அழைத்து வருவதாகவும் ஐடா கூறினார். பெண்டிரை ஆடவர் பார்ப்பது தம் குல வழக்கன்று என்று சொல்லி இளைஞர் வருந்திச் சென்றார். சிறிது நேரத்தில் இசுலாமியர் ஒருவர் வந்தார். அவர் மனைவிக்கும் அதே நிலை. மூன்றாவதாக மற்றோர் இந்துவும் வந்து, அதே வேண்டுகோளை விடுத்தார். மூவரும் வெறுங்கையராய்த் திரும்பினர். பொழுது புலர்ந்தபின் ஐடா செய்தி அறிந்துவரச் செய்தார். மூன்று பெண்களும் இறந்துவிட்டனர்!

வந்தவர் மூவரும் வெவ்வேறு மரபினர். ஆயினும் அவர்கள் கொண்ட துயரம் ஒன்றே. அருகிலேயே மருத்துவர் இருந்தும், பெண்ணாய்ப் பிறந்த காரணத்தால் அம்மூவரும் உதவி பெறாது மாண்டனர். கடவுளின் சாயல் பெற்ற உயிர் இங்ஙனம் அழிவதைக் கண்டு வாளா இருத்தல் தகுமோ என ஐடா எண்ணினார். மருத்துவம் பயின்று இந்நாட்டிற்கே மீள உறுதிபூண்டார்.

கார்னெல் மருத்துவக் கல்லூரியில் 1899 இல் பட்டம் பெற்று, 1900 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அவர் வேலூருக்கு வந்தார். அவ்வாண்டிலேயே தந்தையார் மறைந்தார். துணையிழந்த நிலையிலும் அம்மையார் தளரவில்லை. இல்லத்தின் ஒரு சிற்றறையிலேயே நோயாளரைப் பார்க்கத் தொடங்கினார். முதலில் மக்கள் தயங்கினர். நாளடைவில் திரள் திரளாக வந்தனர். அமெரிக்கச் செல்வர் ஒருவர், மறைந்த தம் மனைவியின் நினைவாக அளித்த 10,000 டாலரைக் கொண்டு, 1902 இல் 40 படுக்கைகளுடைய மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது.

மருத்துவமனைக்கு வர இயலாதவரை அம்மையார் தாமே நாடிச் சென்றார். வேலூரிலிருந்து குடியாத்தம் செல்லும் சாலையில் மரநிழல்தோறும் வண்டியை நிறுத்தி மருந்தளித்தார். பிறர் அருகே வர அஞ்சிய தொழுநோயாளரும் அங்கே காத்திருந்தனர். அவர்தம் புண்களுக்கும் கட்டிடப்பட்டது. உருச்சிதைந்த உடலிலும் இறைவனின் சாயல் சிதைவதில்லை என்பதை அம்மரநிழலில் நின்றோர் கண்ணாரக் கண்டனர்.

ஒருவர் எத்துணை உழைப்பினும் நாட்டின் தேவை நிறைவேறாது. இந்நாட்டுப் பெண்களே மருத்துவராதல் வேண்டும் என அம்மையார் உணர்ந்தார். மூன்று மாணவியர் கிடைப்பதும் அரிது என்று அதிகாரிகள் ஐயுற்றனர். ஆனால் 1918 இல் மருத்துவப் பள்ளி தொடங்கியபோது 151 பேர் விண்ணப்பித்தனர். முதல் அணியில் தேர்வெழுதிய பதினால்வரும் 1922 இல் தேறினர். பின்னர், பட்டப்படிப்பு இல்லாத பள்ளிகள் நிலைக்கா என்ற நிலை வந்தபோது, எழுபது வயதைக் கடந்த அம்மையார் அமெரிக்கா சென்று ஊர்தோறும் பொருள் திரட்டினார். 1942 இல் அப்பள்ளி கல்லூரியாக உயர்ந்தது. 1947 முதல் ஆடவரும் சேர்க்கப்பட்டனர். கொல்லிமலையிற் பிறந்த மருத்துவர் பால் பிராண்ட், தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவை மருத்துவத்தால் நிமிர்த்தி, இரந்துண்ட கைகள் உழைத்துண்ணுமாறு செய்ததும் இங்கேதான்.

1946 இல் ஓய்வு பெற்ற அம்மையார் கோடைக்கானலில் வாழ்ந்து, 1960 ஆம் ஆண்டு மேத் திங்களில், தமது 89 ஆம் வயதில் இயற்கை எய்தினார்.

விண்மீனுக்கு முன் மனிதன் எம்மாத்திரம் என்னும் வினாவிற்கு அம்மையார் சொற்களால் விடை கூறவில்லை. கதவைத் தட்டியவர் யாராயினும் எழுந்து சென்று திறந்தார். அச்செயலே அவர் தந்த விடை. அன்றிரவு திண்டிவனத்தில் மாண்ட மூன்று பெண்களின் பெயர்கள் நமக்குக் கிடைத்தில. எனினும், அவர்கள் பொருட்டு எழுந்த மருத்துவமனை இன்றும் வேலூரில் பல்லாயிரவர் பிணி தீர்த்து வருகின்றது. நம் வாயிலை நாடி வருவோரிடத்தும், வழியில் நாம் காணும் எளியோரிடத்தும் அத்தகைய மதிப்பை நாள்தோறும் காட்டுதல் நம் கடமையாகும்.