அட்டையையும் வாசித்தவர்

தந்தைக்கும் மகனுக்கும் ஒரே பெயர். தந்தை சேர் மைக்கேல் சட்லர். கல்கத்தாப் பல்கலைக்கழகத்தை ஆராய 1917இல் அமைக்கப்பட்ட ஆணைக்குழுவின் தலைவர் என்பதால் கல்வியியல் கற்போர் அவரை அறிவர். மகனும் எழுதத் தொடங்கியபோது குழப்பம் நேராதிருக்கத் தன் குடும்பப் பெயரின் எழுத்துக்கூட்டலைச் சற்று மாற்றிக்கொண்டார். நாமும் அவரைச் சட்லெயர் என்றே அழைப்போம்.

மைக்கேல் சட்லெயர் 1888 டிசம்பர் 25ஆம் திகதி ஒக்ஸ்போர்டில் பிறந்தார். ரக்பி பாடசாலையிலும் ஒக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியிலும் கற்று, 1912இல் லண்டன் கொன்ஸ்டபிள் பதிப்பகத்தில் சேர்ந்தார். பிற்காலத்தில் அதன் தலைவருமானார். தொழில் நூல் வெளியிடுவது. ஆசையோ மறக்கப்பட்ட நூல்களைத் தேடுவது.

அவர் தேடியவை விக்டோரியா காலத்து நாவல்களின் முதற்பதிப்புகள். அக்காலத்தில் புதிய நாவல் பெரும்பாலும் மூன்று பாகங்களாக வரும். விலை 31 ஷிலிங் 6 பென்ஸ். சாதாரண குடும்பம் வாங்கக்கூடிய விலையல்ல அது. ஆகவே வாசகர்கள் மூடி என்பவரின் வாடகை நூலகம் போன்றவற்றிற்குச் சந்தா கட்டி இரவல் பெற்றனர். நூலகத்தார் அட்டையில் தமது சீட்டை ஒட்டுவர். நூல் கைமாறிக் கைமாறிக் கிழியும். பொன்னிறப் பூவேலை செய்த துணி அட்டை பழுதின்றி எஞ்சிய பிரதிகள் அதனால்தான் மிக அரிது.

எஞ்சியவற்றுக்கும் ஓர் ஆபத்து இருந்தது. வசதி படைத்த சேகரிப்பாளர் பலர் அந்தத் துணி அட்டையைக் கழற்றிவிட்டு, விலையுயர்ந்த தோலில் புதிதாகக் கட்டுவித்தனர். அதை மரியாதை என்றே எண்ணினர். சட்லெயருக்கோ அது சான்றை அழிப்பதாகப்பட்டது. அச்சிட்ட தாள்கள் அனைத்தையும் பதிப்பாளர் ஒரே நாளில் கட்டுவதில்லை. விற்பனைக்கேற்பச் சிறிது சிறிதாகக் கட்டுவார். துணியின் நிறம் மாறும், பொன்வேலை மாறும், இறுதியில் சேர்க்கும் விளம்பரப் பக்கங்களும் மாறும். எந்தப் பிரதி முந்தியது என்பதை இவற்றைக் கொண்டே கண்டறியலாம். பதிப்பாளர் அட்டைகளின் வளர்ச்சியைப் பற்றி 1930இல் தனி நூலே எழுதினார்.

அவர் பெருஞ்செல்வந்தர் அல்லர். ஆனால் பிறர் தேடாத எழுத்தாளர்களைத் தேடினார். அன்று மதிப்பிழந்திருந்த அந்தனி ட்ரொலப்பைச் சேகரித்ததோடு நில்லாமல் 1927இல் அவர் வாழ்வையும் எழுத்தையும் பற்றிய நூலையும், அடுத்த ஆண்டு அவரது நூல்களின் விபரப்பட்டியலையும் வெளியிட்டார். ட்ரொலப் மீண்டும் வாசிக்கப்பட அது பெரிதும் உதவியது. கஸ்கெல் அம்மையார், மேரி பிரடன், ரோடா புரோட்டன் போன்ற பெண் நாவலாசிரியைகளும் அவர் அலுமாரியில் இடம்பெற்றனர். எனக்கு அவரைப் பிடித்துப்போனது இதனால்தான்.

விக்டோரியா காலத்துக்கு முற்பட்ட திகில் நாவல்களையும் அவர் விட்டுவைக்கவில்லை. ஜேன் ஒஸ்டினின் 'நோர்தங்கர் அபே'யில் ஒரு தோழி ஏழு திகில் நாவல்களின் பெயர்களைச் சொல்வாள். அவை ஒஸ்டினின் கற்பனை என்றே பலர் நம்பியிருந்தனர். ஏழும் உண்மையில் அச்சான நூல்களே என்பதைச் சட்லெயர் 1927இல் ஒரு சிறுநூலில் விளக்கினார்.

அவர் தாமும் நாவல்கள் எழுதினார். 1940இல் வெளிவந்த ஒன்று நான்கு ஆண்டுகளின் பின் திரைப்படமானது.

முதுமை நெருங்கியபோது, சேகரித்த நாவல்களை ஒவ்வொன்றாக எடுத்து, அட்டையின் நிறம், பொன்வேலை, பக்கங்கள் எனக் குறித்து வைத்தார். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட அந்த இரு பாகங்கள் 1951இல் வெளியாகின. மறு ஆண்டு லொஸ் ஏஞ்சலிஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் அச்சேகரிப்பை வாங்கியது. 1957 டிசம்பர் 13ஆம் திகதி சட்லெயர் காலமானார். பழைய துணி அட்டைகளுடன் அந்த நாவல்கள் இன்றும் அப்பல்கலைக்கழக நூலகத்தில் உள்ளன.