அய்யா காட்டிய ஊர்ப் பணிவிடை

அய்யா துணை



வீரசோழன், நரிக்குடி, திருச்சுழிச் சீமையில் பிறந்தவருக்குத் தண்ணீரின் அருமையை எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. வானம் பார்த்த பூமி. கண்மாய் பெருகினால் சோறு. வரத்துக்கால் தூர்ந்து கிடந்தால் பெய்த மழையும் வீண். ஆகையால் நம் அய்யா வைகுண்டரின் சரிதத்தைப் படிக்கும்போது, சுவாமித்தோப்பு முத்திரிக் கிணற்றடியில் நாம் சற்று நின்றுதான் போக வேண்டும்.

பின்னாளில் சுவாமித்தோப்பு எனப் பெயர் பெற்ற ஊரில், 1809-ஆம் ஆண்டு, பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் மகனாக அய்யா உதித்தார். முடிசூடும் பெருமாள் என்று இட்ட பெயரை மேல்சாதியார் பொறுக்கவில்லை. முத்துக்குட்டி என்று மாற்ற வேண்டியதாயிற்று. அந்நாள் திருவிதாங்கூரில் சான்றோர் மக்கள் தலைக்கும் வரி கட்டினார்கள், பனைக்கும் வரி கட்டினார்கள். அது போதாதென்று ஊழியம். கூப்பிட்ட நேரத்தில் போய், கூலியில்லாமல் சர்க்காருக்கு உழைக்க வேண்டும். பெண்கள் தோளில் சீலை போடத் தடை. பிறர் கிணற்றில் நீர் மொள்ளவும் தடை.

கொல்லம் 1008 மாசி 20-ல், அதாவது 1833-ல், திருச்செந்தூர்ப் பாற்கடலில் வைகுண்ட அவதாரம் நிகழ்ந்தது. அய்யா தவமிருந்த இடத்தில் மக்கள் திரண்டார்கள். அது கண்டு சுவாதித் திருநாள் மகாராஜா அவரைப் பிடித்து சிங்காரத்தோப்புச் சிறையில் வைத்தார். தம் சாதியாரை மட்டும் சேர்த்துக்கொள்வதாக ஒப்புக்கொண்டால் விடுதலை என்றார்கள். அய்யா ஒப்பவில்லை. பதினெட்டு சாதிக்கும் பொதுவாக வந்தவர், ஒரு சாதிக்குள் எப்படி அடங்குவார்? 1839 மார்ச்சில் விடுதலையானபோது மக்களே வாகனத்தில் சுமந்து கொண்டுவந்தார்கள்.

திரும்பி வந்தபின் நடந்தவைதான் ஊர்த்தலைமைக்கு இலக்கணம். 700 குடும்பங்களை வாகைப்பதியில் துவையல் தவசுக்கு அமர்த்தினார். நாளும் துவைத்துக் குளிப்பது, ஒருவேளை உண்பது, ஒன்றாக இருப்பது. சுத்தமும் கட்டுப்பாடும் பழகிய பள்ளிக்கூடம் என்றே அதைச் சொல்லலாம். முத்திரிக் கிணற்றில் எல்லாச் சாதியாரும் ஒன்றாகக் குளித்தார்கள், அதே நீரைக் குடித்தார்கள், ஒரே பந்தியில் உண்டார்கள். ஆண்கள் தலைப்பாகை கட்டி நிமிர்ந்து நின்றார்கள். செட்டிகுடியிருப்பு, அகஸ்தீஸ்வரம், பாலூர் முதலான ஊர்களில் நிழல் தாங்கல்கள் எழும்பின. ஆரம்ப நாளில் தாங்கல்களே பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த இடங்கள். இவற்றுக்கெல்லாம் அரண்மனைப் பணம் வரவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஊழியத்துக்கும் கூலி கிடையாது, தாங்கல் வேலைக்கும் கூலி கிடையாது. சுமந்த தோளும் அதே தோள்தான். ஆனால் முன்னது பயத்தால் செய்தது, அதன் பலன் வேறொருவன் களஞ்சியத்துக்குப் போனது. பின்னது மனம் ஒப்பிச் செய்தது, பலன் சொந்தப் பிள்ளையின் படிப்பாகவும் பசித்தவன் சோறாகவும் திரும்பி வந்தது. பணிவிடை என்ற சொல்லுக்கு அய்யா தந்த கனம் இது. நம் பக்கத்துக் கண்மாய்களை வீட்டுக்கு ஓர் ஆள் வந்து மராமத்துப் பார்த்த குடிமராமத்தும் இந்த வகைதான். அந்த வழக்கம் தளர்ந்த இடத்தில் சீமைக்கருவேலம் மண்டியதைக் கண்ணால் பார்க்கிறோம்.

1851 ஜூன் மாதம், வைகாசி 21-ல் அய்யா வைகுண்டம் ஏகினார். இன்றும் சுவாமித்தோப்பில் திருவிழா நாளில் வாகனம் சுமப்பவர், அன்னதர்மத்துக்கு அடுப்பெரிப்பவர், கிணற்றில் நீர் இறைத்து ஊற்றுபவர் எவரும் கூலிக்கு வந்தவர் அல்லர்.

அய்யா உண்டு.