கேளாமற் பெற்ற அம்மை

கல்வராயன் மலையடியில் வாழும் கவிஞர்க்கு மலையோரச் சிற்றூரின் இயல்பு புதிதன்று. நெல்லைச் சீமையில், மேற்குத் தொடர்ச்சி மலையடியில் உள்ளது டோனாவூர். 1867இல் அயர்லாந்தில் தோன்றி, 1895இல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் அங்கே நிலைகொண்டார். அவரும் கவிஞரே.

1901இல் கோயிற்பணிக்கென விடப்பட்ட சிறுமி ஒருத்தி தப்பி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். பின்னர்ப் பிள்ளைகள் பெருகினர். அவர்தம் சோற்றுக்கும் பாலுக்கும் அம்மையார் எவரிடமும் பொருள் கேட்டதில்லை. தேவையை இறைவனிடம் மட்டுமே உரைத்தார். வந்ததற்கெல்லாம் நன்றி செலுத்தினார்.

பெறும்போது நன்றி கூறல் எவர்க்கும் எளிது. 1931இல் களக்காட்டில் குழியில் வீழ்ந்து கால் முறிந்தது. வேண்டியும் நலம் வரவில்லை. ஏறத்தாழ 20 ஆண்டுகள் அறையே உலகமாயிற்று. அங்கிருந்தே நூல்கள் பல எழுதினார், நன்றி குன்றவில்லை.

1951 ஜனவரி 18இல் மறைந்தார். அவர் விரும்பியவாறே கல்லறைக்கல் நாட்டப்படவில்லை. பறவைகள் நீரருந்தும் கல்தொட்டி ஒன்று உண்டு; அதில் அம்மை என்ற ஒரு சொல்.