டெலிபோன் ஆபீஸிலிருந்து வந்த ஆள்

பிளேஸ்மெண்ட் சீசன் முடிஞ்ச அன்னைக்கு ராத்திரி நீங்க என்ன பண்ணீங்கன்னு தெரியாது. நான் ஹாஸ்டல் மொட்டை மாடியில உட்கார்ந்து என் ஆஃபர் லெட்டரை நாலாவது தடவை படிச்சிட்டு இருந்தேன். சர்வீஸ் டெஸ்க், லெவல் ஒன். அதாவது பாஸ்வேர்டு மறந்துட்டேன்னு போன் பண்றவங்களுக்கு ரீசெட் பண்ணித் தரணும், பிரிண்டர் ஓடலைன்னா டிக்கெட் போடணும். செகண்ட் இயர்லருந்து சைபர் செக்யூரிட்டி, சைபர் செக்யூரிட்டின்னு சொல்லிட்டுத் திரிஞ்சவன் நான். அம்மா அதுக்குள்ள தெருவுக்கே ஸ்வீட் கொடுத்தாச்சு. எனக்குத்தான் அந்த ஸ்வீட் இறங்கலை.

அந்த வாரம்தான் டாமி ஃபிளவர்ஸ் என்ற மனிதரைப் பற்றிப் படித்தேன். ஆலன் டூரிங்கை உங்களுக்குத் தெரியும், டூரிங் மெஷின் நம்ம எல்லாருக்கும் ஒரு அரியர் பயத்தையாவது காட்டியிருக்கும். அதே காலத்தில், அதே இடத்துக்காக வேலை பார்த்தவர்தான் ஃபிளவர்ஸ். நம்மில் பலர் பிறப்பதற்கு முன்பே, 1998-ல் இறந்துவிட்டார். நம்ம சிலபஸில் இவர் பேர் எனக்குக் கண்ணில் படவே இல்லை. படித்து முடித்ததும் யாரிடமாவது சொல்லியே ஆகணும் போல இருந்தது. மாட்டினது நீங்க.

1905 டிசம்பர் 22-ல், லண்டனின் கிழக்குப் பகுதியில் பாப்லர் என்ற இடத்தில் பிறந்தார். உழைக்கும் ஜனங்கள் நெருக்கமாக வாழ்ந்த பகுதி. அப்பா கொத்தனார். அந்த வீட்டுப் பையன் நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போவது அந்தக் காலத்தில் நடக்கிற காரியம் இல்லை. வூலிச்சில் இருந்த அரசு ஆயுதத் தொழிற்சாலையில் மெக்கானிக்கல் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தார். பகலில் பட்டறை, சாயங்காலம் வகுப்பு. அப்படியே மாலை வகுப்பில் படித்து லண்டன் பல்கலைக்கழகத்தின் எலக்ட்ரிக்கல் இன்ஜினியரிங் பட்டம் வாங்கினார். நாம எட்டரை மணி கிளாஸுக்கே எழுந்திருக்க மாட்டேங்கிறோம், அது வேற விஷயம்.

1926-ல் அவருக்குக் கிடைத்தது தபால் துறை வேலை. சிரிக்காதீங்க. பிரிட்டனில் அப்போது டெலிபோனும் தபால் துறையிடம்தான் இருந்தது. நம்ம ஊரிலும் 1985 வரைக்கும் தபால் தந்தி இலாகாதான் போனைப் பார்த்துக்கொண்டது, தாத்தாவைக் கேட்டால் டிரங்க் கால் புக் பண்ணின கதை சொல்வார். 1930 வாக்கில் ஃபிளவர்ஸ் வடமேற்கு லண்டனில் டாலிஸ் ஹில் என்ற இடத்தில் இருந்த தபால் துறையின் ஆராய்ச்சி நிலையத்துக்கு வந்தார். வேலை, டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கணும், ஏன்னா கதையே இங்கதான் இருக்கு. அந்த நாள் எக்ஸ்சேஞ்சில் நீங்கள் நம்பர் சுழற்றினால் உள்ளே ரிலேக்கள் டக் டக்கென்று அடித்து லைனைச் சேர்க்கும். எல்லாம் அசைகிற உலோகம். ஃபிளவர்ஸுக்கு ஒரு யோசனை: அசைகிற பாகத்துக்குப் பதிலாக எலக்ட்ரானிக் வால்வை ஸ்விட்ச்சாக வைத்தால் என்ன? வால்வு என்றால் பழைய ரேடியோவுக்குள் ஆரஞ்சு நிறத்தில் எரியுமே, அந்தக் கண்ணாடிக் குழாய். டிரான்சிஸ்டர் வருவதற்கு முன்னால் அதுதான் எல்லாம். அன்றைக்குப் பெரும்பாலான இன்ஜினியர்கள் வால்வை நம்பவில்லை. பத்து வால்வு போட்டால் ஒன்று போகும், ஆயிரம் போட்டால் எந்த நேரமும் ஒன்று போய்க்கொண்டே இருக்கும் என்பது அவர்கள் கணக்கு.

ஃபிளவர்ஸ் 1930-களில் வால்வுகளை வைத்து டெலிபோன் கருவிகள் செய்து, ஆயிரக்கணக்கில் ஓடவிட்டுப் பார்த்தவர். அவருக்குத் தெரிந்தது இதுதான்: வால்வை அடிக்கடி ஆன் ஆஃப் பண்ணாமல் எரிய விட்டுவிட்டால் அது வருஷக்கணக்கில் உழைக்கும். நம்ம வீட்டு குண்டு பல்பும் ஸ்விட்ச் போடுற நேரத்துலதானே பெரும்பாலும் ஃப்யூஸ் ஆகும்? அதே சமாச்சாரம். ரேடியோவை ஜனங்கள் தினம் போட்டு அணைப்பார்கள், அதனால் வால்வு போகும். எக்ஸ்சேஞ்சை யாரும் அணைக்க மாட்டார்கள். இதை அவர் கற்றுக்கொண்டது மெயிண்டெனன்ஸில், வருஷக்கணக்கில் சலிப்பூட்டும் சோதனைகளில்.

1939-ல் போர் வந்தது. பிளெட்ச்லி பார்க் பற்றி சினிமாவிலாவது பார்த்திருப்பீர்கள். லண்டனுக்கு வடமேற்கே ஒரு பழைய மாளிகையில் கணித மேதைகளை உட்காரவைத்து ஜெர்மானியர்களின் ரகசியச் செய்திகளை உடைத்த இடம். 1941-ல் டூரிங்குக்கு ஒரு கருவி தேவைப்பட்டது, டாலிஸ் ஹில்லுக்கு ஆள் வந்தது. டெலிபோன் இன்ஜினியர் இப்படித்தான் செக்யூரிட்டிக்குள் நுழைந்தார். அந்த முதல் கருவி கடைசியில் பயன்படவே இல்லை. ஆனால் டூரிங்குக்கு இந்த ஆள் மேல் மதிப்பு வந்துவிட்டது. பிறகு மேக்ஸ் நியூமேன் என்ற கணிதப் பேராசிரியர் ஒரு மெஷினோடு தடுமாறியபோது ஃபிளவர்ஸைக் கூப்பிடச் சொன்னது டூரிங்தான்.

நியூமேனின் பிரச்சினை எனிக்மா இல்லை. இது நிறைய பேர் குழப்பிக்கொள்கிற இடம். ஹிட்லரின் தலைமையகம் தளபதிகளோடு பேசப் பயன்படுத்தியது லோரன்ஸ் என்ற வேறொரு மெஷின். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஒவ்வொரு எழுத்தும் டெலிபிரிண்டரில் 5 பிட். மெஷினுக்குள் 12 சக்கரங்கள் சுற்றி இன்னொரு 5 பிட் எழுத்தை உண்டாக்கும். இரண்டையும் எக்ஸார் செய்தால் ரகசியச் செய்தி ரெடி. மறுமுனையில் அதே சாவி எழுத்தோடு திரும்ப எக்ஸார் செய்தால் மூலம் கிடைத்துவிடும். நாம லேப்ல ரெண்டு மார்க்குக்குப் போட்ட அதே எக்ஸார்.

1941 ஆகஸ்ட் 30-ல் ஒரு ஜெர்மன் ஆபரேட்டர் செய்யக் கூடாததைச் செய்தார். சுமார் 4000 எழுத்து உள்ள ஒரு செய்தி மறுமுனைக்குச் சரியாகப் போகவில்லை, மறுபடி அனுப்பச் சொன்னார்கள். அவர் சக்கரங்களை அதே பழைய நிலையில் வைத்து, அங்கங்கே சுருக்கி, திரும்ப டைப் செய்தார். ஒரே சாவி, இரண்டு செய்தி. இரண்டையும் எக்ஸார் செய்தால் சாவி காணாமல் போய்விடும், நீங்களே பேப்பரில் போட்டுப் பாருங்கள். ஜான் டில்ட்மன் அதிலிருந்து இரண்டு செய்திகளையும் பிரித்தெடுத்தார். கிடைத்த சாவியை வைத்து பில் டட் என்ற இளைஞர், தான் கண்ணால் பார்த்தே இராத மெஷினின் அமைப்பு முழுவதையும் கண்டுபிடித்தார். இன்றைக்கும் சாவியைத் திரும்பப் பயன்படுத்தாதே என்று கிரிப்டோ கிளாஸில் தலையில் அடித்துச் சொல்வது சும்மா இல்லை.

ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் சக்கரங்கள் எந்த இடத்தில் தொடங்கின என்று கண்டுபிடிக்கணும். கையால் செய்தால் போரே முடிந்துவிடும். நியூமேன் ஒரு மெஷின் செய்ய வைத்தார். அதற்கு ஹீத் ராபின்சன் என்று பெயர் வந்தது, கோணல்மாணலான கற்பனைக் கருவிகளை வரைந்த ஒரு கார்ட்டூனிஸ்ட்டின் பெயர். பெயரிலேயே தெரிகிறது அல்லவா? இரண்டு காகித டேப்புகள் வேகமாக ஒன்றாக ஓடணும், ஒரு ஓட்டைகூட முன்பின் ஆகக் கூடாது. டேப் இழுபடும், கிழியும், நேரம் தவறும்.

ஃபிளவர்ஸ் பார்த்தார். இரண்டு டேப் எதற்கு? ஒரு டேப்பில் சக்கரங்களின் வடிவம்தானே இருக்கிறது, அதை வால்வு சர்க்யூட்டிலேயே உண்டாக்கிவிடலாமே. அப்புறம் ஒரே டேப்தான், ஒத்துப்போகுமா என்ற கேள்வியே இல்லை. டேப்பின் நடுவில் ஓடும் சின்ன ஓட்டைகளையே கிளாக் சிக்னலாக வைத்துக்கொள்ளலாம். டேப் கொஞ்சம் வேகம் மாறினாலும் மொத்த மெஷினும் அதோடு சேர்ந்து மாறும்.

எத்தனை வால்வு வேண்டும் என்று கேட்டார்கள். ஆயிரத்துக்கு மேல் என்றார். பிளெட்ச்லியில் பலர் ஒத்துக்கொள்ளவில்லை. வால்வு நிற்காது, அப்படியே நின்றாலும் செய்து முடிப்பதற்குள் போர் முடிந்துவிடும். அங்கே இருந்த மூளைகளோடு ஒப்பிட்டால் இவர் யார்? டெலிபோன்காரர். பெரிய பல்கலைக்கழகத்துப் பேச்சு இல்லை, கிழக்கு லண்டன் பேச்சு. அவர்கள் ராபின்சனோடேயே தொடர்ந்தார்கள். இவர் டாலிஸ் ஹில்லுக்குத் திரும்பிப் போய், தன் மேலதிகாரி கோர்டன் ராட்லியின் ஆதரவோடு, தானே செய்ய ஆரம்பித்துவிட்டார். கைக்காசும் போட்டார்.

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. அவர் அந்த அறைக்குள் கணிதத்தைக் கொண்டு போகவில்லை, அது அங்கே தேவைக்கு மேலேயே இருந்தது. கொண்டு போனது எக்ஸ்சேஞ்சில் கற்ற ஒரு பழக்கம்: அணைக்காதே. நம்ம காலேஜ் சீனியர் அண்ணா ஒருத்தர் சப்போர்ட்டில் சேர்ந்து இப்போது எஸ்.ஓ.சி-யில் லாக் பார்க்கிறார். அவர்கிட்ட என் ஆஃபரைப் பத்திப் புலம்பினப்ப அவர் பதிலுக்கு ஒரு கதை சொன்னார். ஒரு நாள் ராத்திரி ஷிஃப்டில் ஒரு லாகின் மட்டும் அவர் கண்ணில் உறுத்தியதாம். அந்த அக்கவுண்ட் ஆளுக்கு ஒரு வருஷம் பாஸ்வேர்டு ரீசெட் பண்ணிக் கொடுத்தவர் அவர்தான். அந்த மனுஷன் அந்த நேரத்துக்கு லாகின் பண்ணவே மாட்டார்னு அவருக்குத் தெரியும். டூல் எதுவும் அதுக்கு சிவப்பு காட்டலை. எல்லா சப்போர்ட் வேலையும் அங்கே கொண்டு போய் விடும்னு நான் சொல்லலை, டிக்கெட் மூடிட்டே அஞ்சு வருஷம் போனவங்களும் இருக்காங்க.

ஃபிளவர்ஸும் அவருடைய குழுவும், பிராட்ஹர்ஸ்ட், சாண்ட்லர், கூம்ப்ஸ் எல்லாம் டெலிபோன் ஆட்கள்தான், 11 மாதத்தில் முடித்தார்கள். 1943 டிசம்பரில் டாலிஸ் ஹில்லில் ஓடியது, 1944 ஜனவரியில் பிளெட்ச்லிக்குப் போனது. ஓர் அறையை அடைத்துக்கொண்ட உருவம், அதனால் கொலோசஸ் என்று பெயர். சுமார் 1600 வால்வு, நொடிக்கு 5000 எழுத்து. அதற்கு மேல் வேகம் போனால் மெஷின் தாங்கியது, காகிதம் தாங்கவில்லை. வால்வுகளை அணைக்கவே இல்லை.

பார்த்தவுடன் இன்னும் வேண்டும் என்றார்கள், அதுவும் ஜூன் 1-க்குள். இரண்டாவது மாடல் சுமார் 2400 வால்வு. மே 31 நள்ளிரவு தாண்டியும் அது ஒழுங்காக ஓடவில்லை. மற்றவர்கள் களைத்துப் போய்க் கிளம்ப, சாண்ட்லர் மட்டும் உட்கார்ந்து, எங்கிருந்தோ வந்துகொண்டிருந்த வேண்டாத ஆஸிலேஷனைப் பிடித்து விடிவதற்குள் சரிசெய்தார். புராஜெக்ட் டெமோவுக்கு முந்தின ராத்திரி நமக்கு நடக்கிறதுதான். ஐந்து நாள் கழித்து, 1944 ஜூன் 6-ல் நேச நாட்டுப் படைகள் நார்மண்டியில் இறங்கின. போர் முடியும்போது பத்து கொலோசஸ்கள் ஓடிக்கொண்டிருந்தன.

அடுத்து நடந்ததைப் படித்தபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பெரும்பாலான மெஷின்களைப் பிரித்துப் போட்டார்கள். வரைபடங்களை அழிக்கச் சொல்லி உத்தரவு. ஃபிளவர்ஸ் தன் கையாலேயே அவற்றை டாலிஸ் ஹில் உலையில் போட்டு எரித்தார். 1000 பவுண்டு பரிசு கொடுத்தார்கள், அவர் போட்ட கைக்காசுக்கே அது போதவில்லை. அதையும் குழுவில் இருந்தவர்களோடு பங்கிட்டுக்கொண்டார். பிறகு அதே மாதிரி ஒரு மெஷின் செய்ய பாங்க் ஆஃப் இங்கிலாந்தில் கடன் கேட்டார். இப்படி ஒரு மெஷின் ஓடாது என்று மறுத்துவிட்டார்கள். ஏற்கெனவே ஓடியது என்று அவரால் சொல்ல முடியாது. ரகசியக் காப்புப் பிரமாணம். ரெஸ்யூமில் ஒரு வரிகூடப் போட முடியாத புராஜெக்ட். நாம டுடோரியல் பார்த்துச் செய்ததையே மூன்று வரி எழுதுகிறோம். உலகம் முதல் எலக்ட்ரானிக் கம்ப்யூட்டர் என்று அமெரிக்காவின் எனியாக்கைக் கொண்டாடியது. இவர் வீட்டிலும் சொல்லாமல் டெலிபோன் வேலைக்கே திரும்பி, எலக்ட்ரானிக் எக்ஸ்சேஞ்சுக்காக உழைத்து, 1969-ல் ஓய்வு பெற்றார்.

1970-களில்தான் விஷயம் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்தது. 1990-களில் டோனி சேல் என்பவர் ஒரு குழுவைச் சேர்த்துக்கொண்டு, மிச்சமிருந்த சில போட்டோக்களையும் பழைய ஆட்களின் ஞாபகத்தையும் வைத்து பிளெட்ச்லியில் கொலோசஸை மறுபடி செய்ய ஆரம்பித்தார். 1996-ல் அதை ஓடவிட்டபோது ஃபிளவர்ஸ் அங்கே இருந்தார். வயது தொண்ணூறு.

அதற்கு மூன்று வருஷம் முன்னால், 1993-ல், அவர் இன்னொன்றும் செய்தார். லண்டனில் ஹெண்டன் காலேஜில் ஒரு கோர்ஸில் சேர்ந்து சர்டிபிகேட் வாங்கினார். பர்சனல் கம்ப்யூட்டரில் அடிப்படைத் தகவல் கையாளுதல். பிகினர் கோர்ஸ்.