விந்தை புனைந்த விரல்கள்

திரையில் தோன்றும் வியத்தகு காட்சிகளில் மனம் பறிகொடுக்கும் நாம், அவற்றுக்கு வித்திட்ட கைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. கணிப்பொறி தோன்றாத காலத்தில், மரமும் துணியும் கயிறும் கொண்டு படப்பிடிப்புத் தளத்திலேயே விந்தைகளை நிகழ்த்திய பெருமகனார் ஜார்ஜ் மெலியெஸ் ஆவார்.

1861ஆம் ஆண்டு பாரிஸ் மாநகரில், காலணித் தொழிலதிபர் ஒருவரின் மைந்தராக அவர் பிறந்தார். குடும்பத் தொழிலில் தமக்குரிய பங்கை விற்று, 1888இல் மாயவித்தை அரங்கு ஒன்றை வாங்கினார். 1895 டிசம்பர் 28 அன்று லூமியேர் சகோதரர்களின் அசையும் படங்களைக் கண்டார். அக்கருவியை விலைக்குக் கேட்டார், மறுத்துவிட்டனர். மனந்தளராது இலண்டனில் வேறொரு கருவியை வாங்கிப் படமெடுக்கத் தொடங்கினார். 1897இல் பாரிஸை அடுத்த மோந்த்ரேயில் கண்ணாடி வேய்ந்த படப்பிடிப்பு நிலையத்தை எழுப்பினார்.

அவர் கையாண்ட முறைகள் எளியவை. கடலடிக் காட்சிக்கு, உயிருள்ள மீன்கள் நீந்தும் கண்ணாடித் தொட்டியைப் படக்கருவியின் முன் வைத்தார். 1901இல், மனிதத் தலையொன்று பலூன்போல் பெருப்பதைக் காட்ட விரும்பினார். நாற்காலியில் தாம் அமர்ந்து, சரிவான தண்டவாளத்தின்மீது படக்கருவியை நோக்கி இழுக்கப்பட்டார். அண்மை நெருங்க நெருங்கத் தலை பெரிதாயிற்று! 1902இல் நிலவுப் பயணத்தையும், 1905இல் ஆயிரத்தோர் இரவுகளின் அரண்மனையையும் படமாக்கினார். 1912இல், துருவப் பயணப் படத்திற்கெனக் கயிறுகளாலும் கப்பிகளாலும் இயங்கும் பனிப்பூதத்தைச் செய்தார். அவர் எடுத்த படங்கள் 500க்கும் மேற்பட்டவை.

ஆயினும் காலம் அவரைக் கைவிட்டது. 1913க்குப் பின் அவர் படமெடுக்கவில்லை. முதல் உலகப் போரின்போது அவருடைய படச்சுருள்கள் பலவற்றை இராணுவம் கைப்பற்றி உருக்கியது. அப்பொருள் காலணிக் குதிகளுக்குப் பயன்பட்டது. காலணித் தொழிலை விட்டுக் கலையை நாடியவரின் படைப்புகள் காலணியாயின! 1923இல், எஞ்சிய மூலச் சுருள்களை மனமுடைந்த அவரே தீக்கிரையாக்கினார். பின்னர் மோன்பர்னாஸ் இரயில் நிலையத்தில் பொம்மைக்கடை நடத்தி வாழ்ந்தார்.

அங்கே அவரை அடையாளங்கண்ட அன்பர்களின் முயற்சியால் 1929இல் பாராட்டு விழா நிகழ்ந்தது. 1931இல் பிரான்சின் உயரிய விருது அவருக்கு அளிக்கப்பட்டது. 1938 ஜனவரி 21 அன்று மறைந்தார். அவர் படங்களுள் ஏறத்தாழ 200 மட்டுமே இன்று கிடைக்கின்றன.

திறமை என்பது இறைவன் மனிதனிடம் ஒப்படைத்த அமானிதம். மெலியெஸ் அதனை முறையாகச் செலவிட்டார். அதன் பயனைப் பேணவேண்டிய சமுதாயமோ காலந்தாழ்த்தியே விழித்தது. விருதினால் எரிந்த சுருள்களை மீட்க இயலவில்லை. உழைப்பாளர் உயிரோடிருக்கும்போதே அவர்தம் படைப்பைப் போற்றிக் காப்போமாக!